பர்லியாறில் எடுத்த குளிர்

"நம்ம ஊர்க் குளிர்தானே டாக்டரம்மா" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார் அந்த அம்மா. குன்னூர்ப் பக்கம் கொழுந்து பறிப்பவர். மார்பகப் புற்றுநோய்க்குக் கோவையில் கீமோ முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. காறை எலும்புக்குக் கீழே வைத்த போர்ட் மட்டும் அப்படியே இருந்தது.

கையில் நரம்பு கிடைக்காதவர்களுக்கும், நரம்பைப் புண்ணாக்கும் மருந்து ஏற வேண்டியவர்களுக்கும் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் குப்பி அது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பெரிய ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வாசல்வரை போகும். சிகிச்சை இல்லாத காலத்திலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் ஊசி வழியாக உப்புநீர் செலுத்தி அதைக் கழுவிவிட வேண்டும். பல இடங்களில் மாதம் ஒருமுறை. இவர் ஏழு மாதம் போகவில்லை. கீழே இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வேறு. குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் போய்க் கழுவிக்கொண்டு திரும்பியிருக்கிறார். பஸ்ஸிலேயே உடம்பு தூக்கிப்போட்டதாம். நானும் முதலில் வைரல் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். "எங்கே வரும்போது நடுக்கம் எடுத்தது?" என்று கேட்டேன். "பர்லியாறுல." மங்குஸ்தானும் துரியனும் காய்க்கிற வெக்கையான இடம் அது. அங்கே யாருக்குக் குளிரும்?

குழாய்க்குள் கிருமி ஒட்டி வளர்ந்திருந்தால், கழுவும்போது அது நேரே ரத்தத்தில் இறங்கும். சற்று நேரத்தில் நடுக்கம், காய்ச்சல். மறுநாள் சரியானதுபோல் இருக்கும், அதுதான் ஆபத்து. போர்ட்டிலும் கையிலும் ரத்தம் எடுத்துப் பரிசோதித்ததில் கிருமி உறுதியானது. கீமோவும் முடிந்துவிட்டதால், எடுத்துவிடுவது என்று புற்றுநோய் மருத்துவரும் நானும் முடிவு செய்தோம்.

போர்ட் இருக்கும் பக்கத்துக் கையோ கழுத்தோ முகமோ வீங்கினாலும், மருந்து ஏறும்போது எரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று: கீழே போக அலுப்பாக இருக்கிறது என்று பக்கத்துக் கிளினிக்கில் சாதாரண ஊசியால் குத்திக்கொள்ளாதீர்கள். போர்ட்டுக்கென்றே தனி ஊசி இருக்கிறது. மற்றது மேல்மூடியைக் கிழித்துவிடும்.

"இதயத்திலிருந்தா இழுப்பீங்க?" என்று பயந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, பழைய தழும்பிலேயே கீறினேன். விழித்தபடிதான் படுத்திருந்தார், கொழுந்து விலை பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். குழாய் வழுக்கிக்கொண்டு வந்தது. குழாய் ரத்தக்குழாய்க்குள் நுழைந்த கழுத்துப் பகுதியில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தபின் முதல் வேலை, வெளியே வந்த குழாயின் நீளம் போர்ட் அட்டையில் எழுதியிருந்த நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. வருடக்கணக்கில் கிடந்த குழாய் சிலருக்கு ரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டியிருக்கும். வரவில்லையென்றால் பலமாக இழுக்க மாட்டேன். வசதியுள்ள இடத்துக்கு அனுப்பிவிடுவேன். அறுந்த துண்டு இதயத்துக்கோ நுரையீரலுக்கோ போய்விட்டால், தொடை வழியாகக் கம்பி விட்டுப் பிடிக்க வேண்டியிருக்கும்.

தையல் போட்டதும், காட்டச் சொன்னார். தட்டில் எடுத்துக் காட்டினேன். விரலால் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார்.

"இத்தனூண்டா? இதுக்குப் பயந்தா ரெண்டு வருஷமா அந்தத் தோள்ல பை மாட்டாம இருந்தேன்!"