‘சட்டவிரோத மீட்பு’ அல்ல, உடைகலக் கொள்ளை

மூழ்கிய போர்க்கப்பல்களை இரும்புக்காகப் பிய்த்து அள்ளும் செய்தி வந்தாலே ‘சட்டவிரோத மீட்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலச் செய்தியில் வரும் சால்வேஜ் (salvage) என்றால் மீட்பு என்று அகராதியில் இருக்கிறதாம்.

‘காப்பாற்று’ என்னும் லத்தீன் வேர், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சால்வேஜ் ஆயிற்று. ஆபத்திலிருந்து கப்பலைக் காத்தவருக்குத் தரும் சன்மானமே அதன் பழைய பொருள். கழித்ததில் உதவுவதைப் பிரித்தெடுப்பது பின்னால் சேர்ந்தது.

தமிழில் மீட்புக்கு அந்தப் பின்பொருள் கிடையாது. அடகு நகையை மீட்கிறோம், கடத்தப்பட்ட பிள்ளையை மீட்கிறோம். மீட்டது உரியவரிடம் திரும்ப வேண்டும். 1942 பிப்ரவரியில் ஜாவா கடலில் மூழ்கிய டி ரைட்டர், ஜாவா என்ற டச்சுப் போர்க்கப்பல்களை 2016-இல் தேடிப் போனவர்கள் கண்டது, அவை கிடந்த தடத்தை மட்டுமே. அந்த இரும்பு யாரிடம் திரும்பியது? மூழ்கிய பின்னும் போர்க்கப்பல் அதன் நாட்டுக்கே சொந்தம். அனுமதியின்றி எடுப்பது திருட்டு. முன்னால் ‘சட்டவிரோத’ என்று ஒட்டினால், நல்ல காரியத்தை உரிமம் வாங்காமல் செய்துவிட்டார்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

‘கடலடி அகழ்வு’ என்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம், தொல்லியல் பணிபோல ஒலிக்கிறது. மலேசியாவின் குவாந்தனுக்கு அப்பால், கடலில், 1941 டிசம்பர் 10 அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல்களோடு 840 பேர் மாண்டார்கள். அங்கே கொள்ளையர் செய்வது என்ன? கிரேனில் தொங்கும் இரும்புக் கவ்வியை மேலிருந்து இறக்கி, அகப்பட்ட தகட்டைக் கிழித்து இழுக்கிறார்கள். எலும்பா இரும்பா என்று கவ்வி பார்க்காது. 2023-இல் மலேசியா ஒரு சீனக் கப்பலைத் தடுத்துவைத்தபோது, ஜொகூரின் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் வெடிக்காத பீரங்கிக் குண்டுகளும் சிக்கின. இதற்கா அகழ்வு என்று பெயர்?

நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது. சாதுவன் என்ற வணிகன் கப்பல் உடைந்து தத்தளித்ததைச் சொல்லும் மணிமேகலையிலேயே ‘உடைகலம்’ வருகிறது. உடைகலக் கொள்ளை என்று எழுதுங்கள். முறையான சால்வேஜுக்குக் கடல்மீட்பு இருக்கட்டும். உடல்கள் உள்ளேயே தங்கிவிட்ட கப்பலுக்குப் ‘போர்ச் சிதைவு’ போதாது, போர்க்கல்லறை என்றே சொல்ல வேண்டும். இத்தகைய கப்பல்களைக் காக்கவென்றே பிரிட்டன் 1986-இல் இயற்றிய சட்டம்கூட, வேற்று நாட்டவரை அயல்கடலில் கட்டுப்படுத்தாது. காவல் இவ்வளவு மெலிந்திருக்கும்போது, கொள்ளையருக்கு மீட்பர் பட்டம் சூட்டுவதையாவது மொழிபெயர்ப்பாளர்கள் நிறுத்தலாம்.