ஹெல்மெட் இல்லாததால் தப்பிய பைக்குகள்

மேற்கு ஜெர்மனியில் பைக் ஓட்டுபவர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால் போடாவிட்டால் அபராதம் கிடையாது. அதனால் பலரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1980-இல், ஹெல்மெட் இல்லாமல் வருபவரை நிறுத்தி அங்கேயே அபராதம் வசூலிக்கலாம் என்று மாற்றினார்கள். விபத்தில் மண்டை உடைவதைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். திருட்டைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை.

அந்த ஆண்டு அங்கே திருடுபோன பைக்குகள் சுமார் 1,52,000. ஆறு வருடம் கழித்து, 1986-இல், அது ஏறத்தாழ 54,000.

காரணம் ரொம்ப எளிது. தெருவோரம் நிற்கும் பைக்கைப் பார்த்ததும் ஆசைப்பட்டுக் கிளப்பிக்கொண்டு போகிறவன் கையில் ஹெல்மெட் வைத்திருக்க மாட்டான். வெறும் தலையோடு ஓட்டினால் முதல் முச்சந்தியிலேயே போலீஸ் மடக்கும். திட்டம் போட்டு வருகிறவனுக்கு இது ஒரு தடையே இல்லை. வரும்போது ஒரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்தால் முடிந்தது. அந்த அற்பத் தடையே வருடத்துக்கு ஒரு லட்சம் திருட்டைக் குறைத்திருக்கிறது என்றால், பைக் திருடியவர்களில் பெரும்பாலோர் திட்டம் போட்டு வந்தவர்களே அல்ல.

‘பைக் இல்லையென்றால் காரைத் தூக்குவான், திருடன் சும்மா இருப்பானா?’ என்று கேட்கத் தோன்றும். பிரிட்டிஷ் ஆய்வாளர்களான பாட் மேஹ்யூ, ரொனால்ட் கிளார்க் குழுவினருக்கும் அதே சந்தேகம். ஜெர்மன் போலீஸ் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். கார் திருட்டு கொஞ்சம் கூடியிருந்தது, சில ஆயிரம். சைக்கிள் திருட்டு அந்த ஆறு வருடத்தில் குறைந்தே இருந்தது. மிச்சத் திருட்டு எங்கேயும் இடம் மாறிப் போகவில்லை, நடக்கவே இல்லை.

குற்றவியலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். ‘அவன் திருடன், அதனால் திருடினான்’ என்று நாம் வைத்திருக்கும் விளக்கத்தை இது ஆட்டிவிடுகிறது.

அந்த விளக்கத்துக்கு அறிவியல் சாயம் பூசியவர் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ. கலாப்ரியா பகுதியைச் சேர்ந்த ஒரு திருடனின் மண்டையோட்டை ஆராய்ந்தபோது அதன் பின்பக்கத்தில் ஒரு குழியைப் பார்த்தார். கீழ்நிலை விலங்குகளில் காணப்படும் அமைப்பு அது என்று நினைத்தார். அங்கிருந்து ஒரே தாவல்: குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்தங்கிப் பிறந்தவன், பெரிய தாடை, நீண்ட கை, வித்தியாசமான காது என்று உடம்பிலேயே அடையாளம் இருக்கும். 1876-இல் இதைப் புத்தகமாக்கினார், ஐரோப்பாவே பேசியது. பிறகு சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சுமார் 3,000 கைதிகளை அளந்து, ராணுவ வீரர்களோடும் பல்கலைக்கழக மாணவர்களோடும் ஒப்பிட்டு, 1913-இல் முடிவை வெளியிட்டார். குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு எதுவும் இல்லை. லொம்ப்ரோசோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை; தன் உடலை ஆய்வுக்கு எழுதிவைத்துவிட்டு 1909-இல் இறந்துபோனார். அவருடைய எலும்புக்கூடு டூரின் நகரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது.

இத்தாலியில் இது பெரும்பாலும் புத்தகச் சண்டையாக இருந்தபோது, இங்கே அதே எண்ணம் ஏற்கெனவே சட்டமாகியிருந்தது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் பிரிட்டிஷ் அதிகாரிகள் சொன்ன நியாயம் இது: இந்தியாவில் தொழில் பரம்பரையாக வருகிறது, தச்சன் மகன் தச்சன், அப்படியானால் திருட்டைக் குலத்தொழிலாகக் கொண்ட சாதிகளும் இருந்தே தீரும். வட இந்தியாவில் தொடங்கிய சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பட்டியலில் ஏற்றிய சாதியில் பிறந்திருந்தால், எந்தக் குற்றமும் செய்யாதவனும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும். ராத்திரியானால் போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. 16 பேர் செத்துப்போனார்கள்.

இந்தச் சட்டத்தில் அடைபட்ட குறவர்களில் பலர் அதற்கு முன்பு மாட்டின் மீது உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்று வந்தவர்கள். ரயில் வந்தது, அரசாங்கம் உப்பைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது, வியாபாரம் படுத்தது. பிழைப்பைப் பறித்த அரசே, பிழைப்பில்லாமல் அலைகிறவர்கள் என்று அவர்களைப் பட்டியலில் ஏற்றியது. மண்டையோட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்தக் காரணம் தெரியாது.

சரி, அப்படியானால் வறுமைதான் காரணமா? ஓரளவுக்குத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வருமானம் கூடியது, படிப்பு கூடியது, 1960-களில் குற்றங்களும் தாறுமாறாகக் கூடின. லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இருவர் 1979-இல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். குற்றம் நடக்க மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூட வேண்டும்: செய்யத் துணிந்த ஆள், தோதான பொருள், பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத சூழல். அமெரிக்காவில் ஆட்கள் திடீரென்று கெட்டுப்போகவில்லை; மற்ற இரண்டும்தான் மாறின. பெண்கள் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பகலில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. பொருள்கள் சிறுத்தன. இதைக் காட்ட அவர்கள் ஒரு பெரிய கடையின் பழைய விலைப்பட்டியல்களைப் புரட்டி டி.வி.யின் எடையைப் பார்த்தார்கள். 1960-இல் இருந்ததிலேயே லேசான டி.வி. 38 பவுண்டு, அதாவது சுமார் 17 கிலோ. 1970-இல் 15 பவுண்டு, ஏழு கிலோ கூட இல்லை. பகலில் ஆளில்லாத வீடு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடக்கூடிய டி.வி. வேறென்ன வேண்டும்?

எல்லாக் குற்றமும் பொருளுக்காக நடப்பதில்லை. கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதில் ஆதாயத்துக்காக நடந்தவை 1,884 மட்டுமே. தகராறு என்ற தலைப்பின் கீழ் வருபவை 9,962. சினிமாவில் வரும் கூலிப்படையை விட வரப்புச் சண்டையும் குழாயடிச் சண்டையும் அதிக உயிரை வாங்குகின்றன. ஒருவன் முறைக்கிறான், ‘என்னடா பார்க்கிற’ என்கிறான் இன்னொருவன். சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள், இருவருமே குடித்திருக்கிறார்கள், பின்வாங்கினால் மானம் போகும். அப்புறம் கையில் கிடைத்தது எதுவோ அதுதான் ஆயுதம். அமெரிக்கக் குற்றவியலாளர் மார்வின் வொல்ஃப்கேங், ஃபிலடெல்ஃபியா நகரத்தில் 1948 முதல் 1952 வரை நடந்த கொலைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். சுமார் கால்வாசிக் கொலைகளில், முதலில் கை ஓங்கியவர் செத்துப்போனவர். இன்னும் அரை நிமிடம் வேறு மாதிரிப் போயிருந்தால் யார் பிணம், யார் கைதி என்பதே மாறியிருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் குற்றம் வேறு வகை. இதில் அவசரம் இல்லை, போதை இல்லை, பெரும்பாலும் பசியும் இல்லை. டொனால்ட் கிரெஸ்ஸி என்ற ஆய்வாளர் 1950 வாக்கில், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போன 133 பேரிடம் பேசினார். வெளியே சொல்ல முடியாத ஒரு பண நெருக்கடி எல்லாருக்கும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் பணத்தை எடுக்கும் வழியும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த இரண்டும் போதவில்லை. எடுப்பதற்கு முன்பே அவர்கள் தங்களுக்குள் ஒரு வசனம் பேசியிருந்தார்கள்: ‘இது திருட்டு இல்லை, கைமாத்து. அடுத்த மாதம் வைத்துவிடலாம்.’

இந்த வசனம் வரும் நேரத்தைக் கவனியுங்கள். மாட்டிக்கொண்ட பிறகு சொல்லும் சமாதானம் இல்லை இது. முதலில் வசனம், பிறகுதான் கை நீளுகிறது. கிரேஷாம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா இருவரும் 1957-இல் இளம் குற்றவாளிகளை வைத்து இதையே விரிவாகச் சொன்னார்கள். தவறு செய்பவர்களுக்கும் சரி எது, தவறு எது என்று தெரியும். அந்த விதியைத் தற்காலிகமாக ஓரங்கட்டத்தான் பேச்சு தேவைப்படுகிறது. அவர்கள் கண்ட வகைகளை நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிடலாம். ‘எனக்கு வேற வழி இல்லை.’ ‘இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு காசா?’ ‘அவனுக்கு இது வேணும்.’ ‘மேல இருக்கிறவன் மட்டும் யோக்கியமா?’ ‘எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்.’ லஞ்சம் வாங்குபவரிடமும் வரி ஏய்ப்பவரிடமும் மனைவியை அடிப்பவரிடமும் இந்த ஐந்தில் ஒன்று இருக்கும். சிக்னலில் சிவப்பு விளக்கைத் தாண்டும் நம்மிடமும்தான்.

இதெல்லாம் சந்தர்ப்பம், சண்டை, சாக்கு. ஆட்களுக்குள் வித்தியாசமே கிடையாதா? உண்டு. முதல் வித்தியாசம் வயது. பெல்ஜிய அறிஞர் அடோல்ஃப் கெத்லே பிரெஞ்சு நீதிமன்றக் கணக்குகளை வைத்து 1830-களிலேயே இதைக் காட்டினார். பதின்வயதில் ஏறும் குற்றக் கோடு இருபதுகளில் உச்சிக்குப் போய் முப்பதுகளில் இறங்குகிறது. நாடு மாறினாலும் நூற்றாண்டு மாறினாலும் கோட்டின் வடிவம் பெரிதாக மாறவில்லை. இதன் ஒரு துண்டை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு கார் விளையாட்டைக் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு வந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்ப்பதுதான் அது. தனியாக ஆடியபோது பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் வித்தியாசம் சொற்பம். சேக்காளிகள் பக்கத்தில் நின்று பார்த்தபோது பதின்வயதினர் ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் கூர்மையானது. 1945-இல் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்த 9,945 பையன்களின் போலீஸ் பதிவுகளை வொல்ஃப்கேங் குழு தொகுத்தது. அவர்களில் 627 பேர், அதாவது நூற்றுக்கு ஆறு பேர், மொத்தக் குற்றங்களில் 52 சதவீதத்தைச் செய்திருந்தார்கள். லொம்ப்ரோசோ இருந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். மரபணு, மூளையின் முன்பகுதி, பிள்ளைப் பருவத்தில் பட்ட அடி உதை என்று இந்த ஆறு சதவீதத்தை விளக்க ஆயிரம் ஆய்வுகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் கொஞ்சம் விளக்குகிறது, ஒன்றும் முழுதாக விளக்கவில்லை.

ஆனால் இவர்களும் கடைசிவரை அப்படியே இருப்பதில்லை. ஹார்வர்ட் சட்ட நூலகத்தின் நிலவறையில் பழைய அட்டைப்பெட்டிகள் சில டஜன் கிடந்தன. பாஸ்டனில் வளர்ந்து சீர்திருத்தப் பள்ளிக்குப் போன 500 பையன்களைப் பற்றி, ஆய்வாளர்களான குளூக் தம்பதியர் 1940-களில் சேகரிக்கத் தொடங்கிய குறிப்புகள் அவை. ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் இருவரும் 1980-களில் அவற்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். அந்தப் பையன்களை எழுபது வயது வரை ஆவணங்களில் தொடர்ந்தார்கள். 52 பேரை நேரில் தேடிப் பிடித்துப் பேசவும் செய்தார்கள். சிறுவயதுக் குறிப்புகளை வைத்து ‘இவன் தேறமாட்டான்’ என்று பிரித்த கூட்டத்திலும் வயது ஏற ஏறக் குற்றம் இறங்கியே வந்தது. யார் சீக்கிரம் நிறுத்துவார்கள் என்பதைப் பிள்ளைப் பருவம் சொல்லவில்லை. நிலையான வேலை, ஒத்துப்போகும் மனைவி, ராணுவத்தில் கழித்த சில வருடங்கள், இவை குறுக்கே வந்தவர்கள் நிறுத்தினார்கள்.

வேலை கிடைக்க வேண்டுமானால் பேர் போலீஸ் பட்டியலில் இருக்கக் கூடாது. சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947-இல் ரத்தானது. நாடு முழுக்க 1952-இல். ஆனால் அதன் இடத்தில் மாநிலங்கள் வழக்கக் குற்றவாளிகள் சட்டங்களைக் கொண்டுவந்தன. பல மாநிலச் சிறை விதிகளில் சீர்மரபினரை, அதாவது குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சாதியினரை, அந்த வழக்கக் குற்றவாளிகளோடு சேர்த்துப் பார்க்கும் வாசகங்கள் பின்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. அவை அரசியலமைப்புக்கு விரோதமானவை, நீக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபரில்.