என்-95 போட்டால் தின்னர் நிற்குமா?

"மாஸ்க் போட்டுக்கிட்டுதான் சார் செய்றேன்."

பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுகிறவர்கள் இருமலோடு வந்தால் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் வந்த ஒருவரும் சொன்னார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாடம் எடுக்கத் தெம்பில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் நுரையீரல் மருத்துவன். உங்கள் பொழுதுபோக்கின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதை நீங்கள் எந்த அறையில், எப்படிச் செய்கிறீர்கள் என்பதில்தான் கோபம்.

வந்தவருக்குக் கணினி வேலை. சிகரெட் கிடையாது, வீட்டில் நாய், பூனை கிடையாது. சில மாதங்களாக வறட்டு இருமல், ராத்திரியில் நெஞ்சு இறுக்கம், மூச்சு விடும்போது விசில் சத்தம். 'டஸ்ட் அலர்ஜி' என்று வேறு இடங்களில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டார். வெளியூர் போனால் சரியாகிறதாம், ஞாயிறு ராத்திரி மோசமாகிறதாம். அலுவலகத்தால் வரும் தொல்லை என்றால் வார நாட்களில் கூடி, விடுமுறையில் குறைய வேண்டும். இவருக்கு நேர்மாறு. "சனி ஞாயிறு வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் யோசிப்பதற்குள் மனைவி, "பொம்மை பிளேன் செய்வார் டாக்டர்" என்றார். "பொம்மை இல்ல, ஸ்கேல் மாடல்" என்று இவர் திருத்தினார்.

போனில் படம் காட்டினார். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பழைய கிட், அதாவது பாகங்களை ஒட்டிக் கட்டும் பெட்டி. நேட் என்ற சின்னப் போர் விமானம், அசலில் 72-இல் ஒரு பங்கு அளவு. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதிய அதே நேட். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் பரம்வீர் சக்ரா விமானி நிர்மல்ஜித் சிங் செகோன் கடைசியாக ஓட்டியதும் அதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது இங்கிலாந்தின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு பறந்த இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். நம் விமானப்படையிடம் இருந்தது ஒற்றை இருக்கைப் போர் விமானம். உடல் நீளம் வேறு, இறக்கை வேறு, வால் வேறு. ஆகவே இவர் உடலை அறுத்துச் சுருக்கி, இறக்கையைக் குறைத்து, ஒட்டுகளில் பட்டி பார்த்துத் தேய்த்து, ரெசினில் (திரவமாக ஊற்றி இறுக வைக்கும் பிளாஸ்டிக்) வார்த்த காக்பிட்டை உள்ளே நுழைய வைக்க அதன் அடியையும் தேய்த்திருக்கிறார். ஒற்றை இருக்கை நேட்டுக்கே இப்போது தனி கிட் கிடைக்கிறதே என்றேன். "அதுல என்ன சார் இருக்கு" என்றார். சரி, அது அவர்கள் உலகம்.

நான் சொல்ல வருவது என்னவென்றால், புதிய கிட்டைப் பெட்டியில் உள்ளபடி கட்டுகிறவருக்கு இவ்வளவு தூசியும் தேவையில்லை, இவ்வளவு தின்னரும் தேவையில்லை. பழைய கிட்டைச் 'சரி' செய்ய உட்காரும்போதுதான் விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்ட மேடாக நிற்கும் பேனல் கோடுகளை வழிப்பது, புதிதாகக் கீறுவது, பட்டி, மறுபடி பட்டி, பிரைமர், தப்பு தெரிந்து மறுபடி தேய்ப்பு என்று மணிக்கணக்கில் போகிறது. அத்தனை மணி நேரமும் நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசைக்கு இரண்டடி தள்ளிக் கட்டில். ஏசிக்காக ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தது. நீலத் தலையணை உறையில் மேசைப் பக்கம் மட்டும் வெளிறிய மாவு படிந்திருந்தது. விளக்குத் தண்டில் என்-95 தொங்கியது. அதன் மூக்குக் கம்பி வாங்கியபோது இருந்த மாதிரியே நேராக இருந்தது, ஒரு தடவைகூட வளைக்கப்படவில்லை.

இப்போது அந்த மாஸ்க்குக்கு வருவோம். கோவிட் காலத்தில் இதைப் போடச் சொல்லி நாங்களே தொண்டை கிழியக் கத்தினோம், அதனால் அது எல்லாவற்றுக்கும் கவசம் என்று ஊருக்கே மனதில் பதிந்துவிட்டது. என்-95 துகளுக்கானது. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். உப்புத்தாளில் தேய்க்கும் தூசி, ஏர்பிரஷ்ஷில் (பெயின்ட்டைக் காற்றால் பீய்ச்சும் பேனா) பறக்கும் பெயின்ட் துளி எல்லாம் துகள், அவற்றைப் பிடிக்கும். தின்னரில் இருக்கும் டொலுயீன், அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் ஆவி துகள் அல்ல, வாயு. தனித்தனி மூலக்கூறாக வருகிறது. கொசுவலை கொசுவை நிறுத்தும், கொசுவர்த்திப் புகையை நிறுத்தாது. தின்னர் ஆவி என்-95 வழியாக ஒன்றுமே இல்லாத மாதிரி உள்ளே போகும். இரண்டு மாஸ்க் போட்டாலும் போகும். ஈரத்துணி கட்டினாலும் போகும். வால்வு வைத்த மாஸ்க் என்றாலும் போகும், வால்வு மூச்சை வெளியே விடத்தான். உள்ளே கறுப்பாக ஒரு கரி அடுக்கு இருக்கும் மாஸ்க்கை ஒருவர் பெருமையாகக் காட்டினார். அந்த மெல்லிய அடுக்கு லேசான நாற்றத்தை மறைக்கும், அவ்வளவுதான். நாற்றம் போய்விட்டதே என்று இன்னும் கிட்டே குனிந்து வேலை செய்வீர்கள்.

ஆவிக்கு வேண்டியது ரப்பர் அரை முகக் கவசம், அதில் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ், அதாவது தின்னர் மாதிரி ஆவிகளை உறிஞ்சும் டப்பி. அமெரிக்க முறையில் கறுப்புப் பட்டை, ஐரோப்பிய முறையில் பழுப்புப் பட்டை. அதற்கு முன்னால் துகள் வடிகட்டியும் சேர்த்து மாட்டினால் ஏர்பிரஷ் வேலைக்கும் ஆகும். உள்ளே இருப்பது கரி. பெட்டியைப் பிரித்ததிலிருந்து அது அறைக் காற்றில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஆகவே வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். ஆணியில் மாட்டி வைத்தால் சும்மாவே தீர்ந்துவிடும். தாடி இருந்தால் கவசம் முகத்தில் ஒட்டாது. தாடியா கவசமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது ஏசி. "ஏசி ஓடுதே சார், காத்து சுத்தமாத்தானே இருக்கும்?" ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைக் குளிரவைத்துத் திருப்பித் தள்ளுகிறது. அதன் வலை பஞ்சையும் முடியையும் பிடிக்கும், ஆவியை அல்ல. ஹெப்பா பியூரிஃபயரும் துகளுக்குத்தான். பின்பக்கம் ஸ்பாஞ்ச் வைத்து, உறிஞ்சிய காற்றை அறைக்குள்ளேயே விடும் சின்ன ஸ்ப்ரே பூத் விற்கிறார்கள். குழாய் ஜன்னலுக்கு வெளியே போகாவிட்டால் அது வெறும் பெட்டி. இன்னொன்று, வாசனை தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து அறைக்குள் வருகிறவர் முகம் சுளிப்பார், உங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

அந்த மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். இதை மட்டும் திட்டாமல் கெஞ்சிக் கேட்கிறேன். கர்ப்பிணியோ குழந்தையோ தூங்கும் அறையில் தின்னர் பாட்டிலைத் திறக்காதீர்கள். டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், கொட்டினால் தரையோடு படரும். தரையில்தான் குழந்தை தவழ்கிறது. பெயின்ட் அடித்த மாடலும் காய்ந்து முடியும்வரை ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், அதைத் தலைமாட்டு மேசையில் வைத்து அழகு பார்க்க வேண்டாம். பால்கனியில் ஒரு மூடிய டப்பாவுக்குள் காயட்டும்.

ரெசின் என்றால் எல்லாரும் பயப்படுகிறார்கள், தப்பான இடத்தில். கடையில் வாங்கும் இறுகிய ரெசின் பாகத்தைத் தேய்த்தால் வருவது எரிச்சல் தரும் நுண்தூசி. நனைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வாட்டர் பேப்பரை அதற்குத்தான் வாட்டர் பேப்பர் என்கிறோம், அதையும் காயவைத்துத் தேய்க்கிறவர்களை என்ன சொல்ல? சேறு ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுங்கள், காய்ந்தால் மறுபடி தூசி. விளக்குமாறு கூடாது, ஈரத்துணி.

உண்மையில் பயப்பட வேண்டியது வீட்டிலேயே பாகம் வார்க்க வாங்கும் இரண்டு பாட்டில் பாலியூரிதேன் திரவம். ஒரு பாட்டிலில் இருப்பது ஐசோசயனேட். கார்களுக்கு அடிக்கும் டூ-கே கிளியர் கோட்டில் (இரண்டு திரவம் கலந்து அடிக்கும் பளபளப்புப் பூச்சு) இறுக வைக்கும் ஹார்டனரிலும் அதுதான். மாடல் பளபளப்பாக வர அதையும் அடிக்கிறார்கள். ஐசோசயனேட்டின் சிக்கல் அளவு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. ஒரு தடவை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். வாசனை வருவதற்கு முன்பே கிளப்பும். அதற்கப்புறம் "கொஞ்சமா யூஸ் பண்றேன் சார்" என்ற பேச்சுக்கே இடமில்லை. டூ-கே ஸ்ப்ரே வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், கார்ட்ரிட்ஜ் போட்டாலும் வேண்டாம். 3டி பிரின்டரில் வரும் பாகங்கள் பிசுபிசுவென்று இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது அக்ரிலேட். தோலில் ஒவ்வாமை வந்துவிட்டால் நாளைக்குப் பல் டாக்டர் அடைக்கும் கலவைகூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எந்தப் பல் டாக்டருக்கும் உங்கள் பிரின்டரைப் பற்றித் தெரியாது.

சூப்பர் குளூ மூக்கையும் கண்ணையும் எரிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, கொட்டியதைப் பஞ்சாலோ பழைய பனியனாலோ துடைத்தால் சூடேறும் என்பது. பருத்தி இழையில் அது வேகமாக இறுகும்போது வரும் சூடு தோலைச் சுடும், புகையும் வரும். தொடையில் கொட்டி, லுங்கியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவரைத் தீக்காயப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

"அக்ரிலிக்தான் சார், தண்ணி பெயின்ட்." அக்ரிலிக் என்பது பிசினின் பெயர். அதைத் தண்ணீரிலும் கரைப்பார்கள், ஆல்கஹாலிலும் கரைப்பார்கள், லாக்கர் தின்னரிலும் கரைப்பார்கள். லேபிளைப் படியுங்கள். ஹார்டுவேர் கடையில் லேபிளே இல்லாத பாட்டிலில் ஊற்றித் தரும் என்சி தின்னரைப் பற்றி நான் என்ன சொல்வது? மாடலுக்கு ஏரியல் கம்பி செய்ய, பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் குச்சியை (ஸ்ப்ரூ) மெழுகுவர்த்தியில் காட்டி இழுக்கிறீர்கள், பக்கத்தில் அந்தப் பாட்டில் திறந்து கிடக்கிறது. அது என் துறை இல்லை, தீயணைப்புத் துறை.

நேட்டுக்கு மூக்கடியில் ஒன்று, பின்னால் இரண்டு என்று சக்கரங்கள், மூக்கில் எடை வைக்காவிட்டால் வால் தரையில் உட்காரும். அதற்குத் தூண்டில் ஈயத்தை அரத்தால் ராவி, அதே கையால் பஜ்ஜி எடுக்கிறார்கள். ஈயத்தை வெள்ளைப் பசையில் ஒட்டினால் சில வருடங்களில் அது வெள்ளையாகப் பூத்து, வீங்கி, மாடலின் மூக்கையே பிளக்கும் என்பதை உடம்புக்காகக் கேட்காதவர்கள் மாடலுக்காகவாவது கேளுங்கள். சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு கிடைக்கும், அதைப் போடுங்கள்.

என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழில் என்ன என்று கேட்டு 'ஐடி' என்று எழுதி முடித்துவிடுகிறோம். விடுமுறையில் கையால் என்ன செய்கிறார் என்றும் கேளுங்கள். இவரைப் போன்றவர்களுக்கு வார நாளில் எடுத்த ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை) நார்மலாகவே வரலாம், அதை வைத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடாதீர்கள். ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றைக் கொடுத்து, மாடல் வேலை செய்யும் இரண்டு வாரம், செய்யாத இரண்டு வாரம் தினமும் குறைந்தது நான்கு தடவை ஊதி எழுதச் சொன்னால் தாளே கதையைச் சொல்லிவிடும். இவரது தாள் சொன்னது.

இவரை மாடல் கட்டுவதையே விட்டுவிடச் சொல்லவில்லை. மேசை பால்கனிக்குப் போனது. வார்க்கும் திரவம் வீட்டை விட்டே போனது. தண்ணீரில் கரையும் பெயின்ட், பிரஷ், நனைத்துத் தேய்த்தல் போதும். இன்ஹேலர் தந்திருக்கிறேன், அது பழைய மேசைக்குத் திரும்ப அனுமதிச் சீட்டு அல்ல. பேசும்போது வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ எனக்கு வாட்ஸ்அப் அனுப்பிக் காத்திருக்காதீர்கள், பக்கத்து மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

மற்றபடி இருமல் மட்டும் என்று வருகிறவர்கள், பயன்படுத்தும் எல்லாப் பசை, பெயின்ட், தின்னர் லேபிள்களையும் போனில் படம் எடுத்து வாருங்கள். பாட்டில்களையே பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். வெளியே ஆஸ்துமாக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.