தலை விரிந்த உளியும் எதிரே நிற்பவரின் கண்ணும்

"கண்ணுல மண்ணு விழுந்துடுச்சு, டாக்டரம்மா" என்றபடிதான் பெங்களூர் ஹென்னூர்ப் பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து அந்தச் சித்தாள் வந்தார். திருவண்ணாமலைக்காரர். மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு நான்கு நாள் வேலைக்கும் போயிருக்கிறார். வலி அதிகமில்லை, எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தைய வரிவரை தடுமாறாமல் படித்தார். ஆனால் கருவியில் பார்த்தபோது கருவிழியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டும், அதற்கு நேர் பின்னே, கண்மணியைச் சுற்றியுள்ள பழுப்புத் திரையில் (ஐரிஸ்) ஊசித் துளையும் இருந்தன. சி.டி. ஸ்கேனில் விழித்திரையருகே ஓர் உலோகத் துணுக்கு தெரிந்தது.

சம்பவத்தன்று கொத்தனார் சுவர் மூலைக்கு உளியும் சுத்தியலுமாக முக்கால் கல் வெட்டிக்கொண்டிருக்க, இவர் எதிரே நின்று செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கண்ணில் பட்டது செங்கல் சில்லு என்றே இருவரும் நம்பினார்கள். செங்கல் சில்லு பெரும்பாலும் கருவிழியைக் கீறுவதோடு நின்றுவிடும். வேகமும் கூர்மையும் கொண்ட இரும்புத் துணுக்குதான் கண்ணைத் துளைத்து உள்ளே போகும்.

அறுவை சிகிச்சையில் எடுத்த துணுக்கு கடுகில் பாதிகூட இல்லை. உளியைக் கொண்டுவரச் சொன்னேன். கொத்தனார் சிமெண்ட் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். ஓயாத அடியில் தலை நசுங்கிக் காளான் குடைபோல விரிந்து, விளிம்பு இதழ் இதழாக வெடித்திருந்தது. ஓரிடத்தில் இதழ் ஒடிந்த தடம் புதிதாக மின்னியது. "தலை அகலமா இருந்தாத்தாங்க அடி தவறாது" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அப்படி விரிந்த விளிம்பில் விழும் ஒவ்வோர் அடியும் அடுத்த இதழைத் தெறிக்கவிடக்கூடும், அது அடிப்பவரைத்தான் தேடிப் போகும் என்பதில்லை.

கிரைண்டிங் மிஷின் உள்ள எந்த வெல்டிங் பட்டறையிலும் அந்த விளிம்பைத் தேய்த்து எடுத்து, தலையின் ஓரத்தைச் சற்றுச் சரிவாக்கிவிடலாம். கல்லை மணல் மேல் கிடத்தி, நான்கு பக்கமும் கோட்டின்மீது மெல்லக் கொத்தி வரியிட்ட பிறகு ஓங்கி அடித்தால் கல் கோட்டிலேயே பிளக்கும், அடியும் குறையும். பெங்களூரில் இப்போது எங்கும் காணும் கான்கிரீட் சாலிட் பிளாக்குக்கு அடி அதிகம் வேண்டும் என்பதால் அங்கே கவனமும் கூட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கொத்தனாருக்கு மட்டும் போதாது, எதிரே நிற்கும் சித்தாளுக்கும் வேண்டும்.

துணுக்கு பட்டுவிட்டால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடாதீர்கள். காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாதபடி மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். சாமராஜபேட்டையில் மிண்டோ அரசுக் கண் மருத்துவமனை இருக்கிறது. "மண் விழுந்தது" என்று சொல்லாமல், "இரும்பின்மேல் இரும்பு அடிக்கும்போது தெறித்தது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால்தான் மருத்துவர் எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுப்பார், காந்தத்தால் துணுக்கு உள்ளே நகர்ந்துவிடும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. உள்ளே தங்கிய இரும்பு துருவேறி, மாதக்கணக்கில் சத்தமில்லாமல் விழித்திரையை அழிக்கும்.

தையல் பிரிக்க வந்த அன்று கொத்தனாரும் கூட வந்து, தேய்த்த உளியைக் காட்டினார். தலை ஒழுங்காக இருந்தது. சுத்தியலின் முகத்தைப் பார்க்கக் கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை; அதன் ஓரம் சிதைந்திருந்தாலும் இதே கதைதான்.