பிள்ளைக்குத்தானே என்று வாங்கப்படும் கிட்டார்கள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், கிட்டார் பழுதுபார்க்கும் என் பணிமேசைக்குச் சிறிய எலெக்ட்ரிக் கிட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். அவற்றோடு வரும் புகாரும் பெரும்பாலும் ஒன்றேதான்: "வாங்கிக் கொடுத்தாச்சு, கிளாஸுக்கும் அனுப்பியாச்சு, ஆனா இவளுக்கு விரல் அழுத்தவே மாட்டேங்குது சார், இசை வராதுபோல." இப்படிச் சொல்லிக் கடைசியாகக் கொண்டுவரப்பட்ட கிட்டாரைச் சுருதி சேர்த்துவிட்டு, முதல் ஃபிரெட்டில் (நெக் எனப்படும் கழுத்துக்குக் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நானே அழுத்திப் பார்த்தேன். சுருதி காட்டும் கருவியான டியூனர் 30 சென்ட் கூடுதலாகக் காட்டியது. ஒரு ஃபிரெட் தூரமே 100 சென்ட்தான் என்பதை வைத்துப் பார்த்தால், சரியான இடத்தில் சரியாக அழுத்தினாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிசகும் கிட்டார் அது. தொழிற்சாலையில் பொருத்திய நட்டின் (நெக்கின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) பள்ளங்களை யாரும் அரத்தால் இறக்கவே இல்லை. கம்பிகள் முதல் ஃபிரெட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. இத்தனை ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் என் விரலுக்கே வலித்தது என்றால், ஒன்பது வயதுச் சிறுமியின் விரல் என்ன பாடு பட்டிருக்கும்? பிள்ளைக்கு இசை வராது என்று முடிவு கட்டுவதற்கு முன் கிட்டாருக்கு இசை வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டாமா?

இந்தப் பிழைகளுக்கெல்லாம் அடியில் இருப்பது "பிள்ளைக்குத்தானே, இது போதும்" என்ற ஒரே எண்ணம். சிறியது என்றால் எளிது, எளிது என்றால் மலிவு, மலிவு என்றால் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை என்று பெற்றோரும் கடைக்காரரும் சில தயாரிப்பாளர்களும் சேர்ந்தே நம்புகிறார்கள். கம்பி வாத்தியத்தைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நட்டுக்கும், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமரும் சாடிலுக்கும் இடையே அதிரும் கம்பியின் நீளத்தை ஸ்கேல் நீளம் என்கிறோம். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அது 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். ஸ்குவையர் மினி ஸ்ட்ராட்டில் 22.75 அங்குலம், ஐபனெஸ் மைக்ரோ வரிசையில் 22.2 அங்குலம். நட்டிலிருந்து நான்காவது ஃபிரெட் வரை பெரிய கிட்டாரில் ஏறத்தாழ 134 மில்லிமீட்டர் தூரம், 22.2 அங்குலக் கிட்டாரில் 116 மில்லிமீட்டர். சிறிய கைக்கு இந்த 18 மில்லிமீட்டர் பெரும் வரம். ஆனால் அந்த வரத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே கம்பியை ஒரே சுருதிக்குச் சேர்க்கும்போது அதன் இழுவிசை நீளத்தின் இருமடி விகிதத்தில் குறையும். 0.009 அங்குலத் தடிமனுள்ள முதல் கம்பி ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுமார் 6 கிலோ இழுவிசையில் நிற்கிறது. அதே கம்பி 22.2 அங்குலக் கிட்டாரில் சுமார் 4.5 கிலோவில் தொங்குகிறது. கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடுகிறது.

"லூஸா இருந்தா குழந்தைக்கு அழுத்த ஈஸிதானே" என்று இந்த இடத்தில்தான் கேட்பார்கள். இல்லை. தளர்ந்த கம்பி ஃபிரெட்டில் மோதி இரையும். அந்த இரைச்சலை மறைப்பதற்காகத் தயாரிப்பாளர் கம்பிகளை இன்னும் உயரத்தில் தூக்கி வைப்பார். உயரம் கூடியதும் அழுத்துவது கடினமாகும். பிள்ளைகள் அழுத்தும்போது அளவாக அழுத்தத் தெரியாமல் முழுப் பலத்தையும் கொடுப்பார்கள் என்பதால், தளர்ந்த கம்பி உடனே சுருதி ஏறிவிடும். எனவே சிறிய கிட்டாருக்கு மெல்லிய கம்பி பொருத்துவது தவறு. 10 அல்லது 11 செட்டுதான் (முதல் கம்பியின் தடிமன் 0.010 அல்லது 0.011 அங்குலம் உள்ள கம்பித் தொகுப்பு) அதற்கு ஏற்றது. 22.2 அங்குலத்தில் 10 செட்டின் முதல் கம்பி கொடுக்கும் இழுவிசை, பெரிய கிட்டாரில் 9 செட் கொடுப்பதைவிடச் சற்றுக் குறைவுதான். பிள்ளை என்பதாலேயே 8 செட்டைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டு வருபவர்களிடம் இதை விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

துல்லியத்தின் கணக்கும் இப்படித்தான். சாடில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், திறந்த கம்பியைச் சுருதி சேர்த்தபிறகும் 12-ஆம் ஃபிரெட்டில் பெரிய கிட்டாரில் ஏறத்தாழ 2.7 சென்ட் மாறும். சிறியதில் 3.1 சென்ட். அதே பிழை சிறிய கிட்டாரில் கூடுதலாகக் கேட்கும். அதற்குமேல், இழுவிசை குறைந்த கம்பிக்குச் சாடிலை இன்னும் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். அதற்கான இடத்தை விட்டுத்தான் பிரிட்ஜைப் பொருத்த வேண்டும் என்பது வடிவமைப்பின் முதல் பாடம். ஆறாம் கம்பியின் சாடில் திருகை எவ்வளவு முடியுமோ அவ்வளவு முறுக்கி, பின்னால் இருக்கும் ஸ்பிரிங் முழுக்க நசுங்கி, அதன்பிறகும் 12-ஆம் ஃபிரெட் 15 சென்ட் கூடுதலாக ஒலிக்கும் கிட்டார்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பழைய துளைகளை மர ஆப்பால் அடைத்து, பிரிட்ஜையே பின்னுக்கு நகர்த்துவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அந்த வேலைக்கான கூலி சில சமயம் கிட்டாரின் விலையையே எட்டிவிடுகிறது. அதைச் சொல்லும்போது என்னைக் கொள்ளைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

பெரிய நிறுவனங்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிய வேலை இது. ஃபெண்டர் நிறுவனம் 1956-இல் மாணவர்களுக்காக மியூசிக்மாஸ்டர், டியோ-சோனிக் என்ற இரு கிட்டார்களை 22.5 அங்குல ஸ்கேலில் வெளியிட்டது. அவற்றில் எதைக் குறைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்: முன்னதில் ஒரே ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்), பின்னதில் இரண்டு, சுருதியை ஆட்டும் ட்ரெமோலோ கைப்பிடி கிடையாது, உடலில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வளைவுச் செதுக்கல்கள் கிடையாது. அப்போதும் அவை ஒழுங்காகச் சுருதி நிற்கும் வாத்தியங்களாகவே இருந்தன. நீளம் குறைந்தாலே விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் வாசித்த ரிக்கன்பேக்கர் 325-இன் ஸ்கேல் நீளம் 20.75 அங்குலம்தான். இன்று உங்கள் பிள்ளைக்கு வாங்கும் மினி கிட்டாரைவிட அது ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் குறைவு.

ஆகவே செலவைக் குறைக்க வேண்டுமானால் எங்கே குறைப்பது என்பது தெளிவு. மூன்று பிக்கப்புக்குப் பதில் ஒன்று போதும். பளபளப்பான வண்ணம் வேண்டாம். ட்ரெமோலோ பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம்; குறைந்த இழுவிசையில் அது ஒருநாளும் சுருதியில் நிற்காது, பிள்ளைகளோ அதன் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். உடலுக்குள்ளேயே ஸ்பீக்கர் வைத்த கிட்டார்களையும் நான் பரிந்துரைப்பதில்லை; சற்று ஒலி கூட்டினால் பிக்கப்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று தூண்டிக் கூச்சலிடும். கை வைக்கக் கூடாத இடங்கள் நெக், ட்ரஸ் ராட், ஃபிரெட், நட், டியூனிங் கீ, பிரிட்ஜின் இருப்பிடம் ஆகியவை. நெக்குக்குள் ஓடி அது வளையாமல் காக்கும் இரும்புக் கோலான ட்ரஸ் ராட் இல்லாமல், அந்தக் குறையை ஈடுகட்ட நெக்கைத் தடியாகச் செய்து விற்கிறார்கள். சிறிய உள்ளங்கைக்குத் தடித்த நெக்கைக் கொடுப்பதற்குப் பேசாமல் பெரிய கிட்டாரையே கொடுத்துவிடலாம். நட்டின் அகலத்தை மட்டும் அளவுக்குமீறிக் குறைத்துவிடக் கூடாது. பெரிய கிட்டாரில் 42 மில்லிமீட்டர் என்றால் சிறியதில் 41 அல்லது 40 போதும். அதற்குக் கீழே போனால் ஒரு கம்பியை அழுத்தும் விரல் பக்கத்துக் கம்பியையும் தொட்டு ஊமையாக்கிவிடும்.

எடையைக் குறைக்கிறேன் என்று உடலை மட்டும் இளைக்க வைத்து, தலைப்பகுதியைப் பெரிய கிட்டாருக்கு உள்ளபடியே விட்டுவிடுவது இன்னொரு கொடுமை. தோள்வாரில் மாட்டி கையை விட்டால் நெக் தரையை நோக்கிச் சரியும். பிள்ளை இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்கும். கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற்ற வேண்டிய கை சுமை தூக்கிக்கொண்டிருக்கும். ஆசிரியரோ மணிக்கட்டை நேராக வை என்று திட்டிக்கொண்டிருப்பார். வார் மாட்டும் பொத்தானைச் சரியான இடத்தில் வைத்து, எடை குறைந்த டியூனிங் கீகளைப் பொருத்தினாலே இது பெருமளவு தீர்ந்துவிடும்.

முதலில் அக்கூஸ்டிக்கில் விரல் காய்த்தபிறகுதான் எலெக்ட்ரிக் என்ற விதியை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. இரும்புக் கம்பி பூட்டிய பெரிய அக்கூஸ்டிக் கிட்டார் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தண்டனை. ஒழுங்காகச் செட்டப் செய்த சிறிய எலெக்ட்ரிக், விரலுக்கு அதைவிட எத்தனையோ மடங்கு இதமானது. "இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் வளர்ந்தபிறகும் உதவுமே" என்று சட்டை எடுப்பதைப்போலக் கிட்டார் எடுப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

ஒலிபெருக்கியான ஆம்ப் பற்றி ஒரு வார்த்தை, இது கண்டிப்பாகவே. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குவது அதனால்தான். ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டோ, இரண்டு முள் அடாப்டரில் செருகியோ பயன்படுத்தினால், ஆம்பில் ஒரு பழுது ஏற்படும் நாளில் 230 வோல்ட் நேராகப் பிள்ளையின் விரலுக்கு வரலாம். பழைய வீடுகளில் சுவர்ப் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள்; அதுவரை பேட்டரியில் ஓடும் சிறிய ஆம்ப் போதும். ஹெட்ஃபோனில் வாசித்தால் ஒலியின் உச்ச அளவை நீங்களே வைத்துக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு 75 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. டெசிபெல் கூடக்கூட நேரம் வேகமாகக் குறைய வேண்டும்.

கடைக்குப் போகும்போது ஓர் அளவு டேப்பும் கைபேசியில் ஒரு டியூனர் செயலியும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். பெட்டியில் முக்கால் அளவு என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். 25.5 அங்குலத்தில் முக்கால் பங்கு 19 அங்குலம்தான். அந்தப் பெயரில் விற்கப்படும் கிட்டார்களோ பெரும்பாலும் 22, 23 அங்குலம். கடைக்காரர் 30 அங்குலம், 36 அங்குலம் என்று சொல்வது தலையிலிருந்து அடிவரையுள்ள மொத்த நீளம். அதற்கும் ஸ்கேலுக்கும் தொடர்பில்லை. நட்டிலிருந்து 12-ஆம் ஃபிரெட் வரை அளந்து இரட்டியுங்கள், அதுதான் ஸ்கேல். தலையில்லாத குட்டி உடல் கிட்டார்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவற்றில் பலவற்றின் ஸ்கேல் முழுதாக 25.5 அங்குலம் இருக்கும்.

பிறகு கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே உற்றுப் பாருங்கள். மயிரிழை இடைவெளி இருந்தால் நட் சரி. நாணயம் நுழையுமளவு இருந்தால் வேலை பாக்கி. திறந்த கம்பியையும், அதையே 12-ஆம் ஃபிரெட்டில் மெதுவாக அழுத்தியும் டியூனரில் பாருங்கள். இரண்டும் ஒரே சுரத்தில் நிற்க வேண்டும், ஐந்து சென்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃபிரெட் முனைகள் கீறினால் கீழே வைத்துவிடுங்கள். வயதைக் கேட்டு அளவு சொல்லும் கடைக்காரரை விட்டுவிட்டு, பிள்ளையை உட்காரவைத்துக் கிட்டாரை மடியில் கொடுங்கள். முதல் ஃபிரெட்டைத் தொடும்போது இடது முழங்கை மடங்கியே இருக்க வேண்டும். கை நீண்டு நேராகிவிட்டால் அந்தக் கிட்டார் இன்னும் பெரிது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களானால் தூக்கி எறிய வேண்டாம். நட்டைச் சீவி, ஃபிரெட் முனைகளைத் தேய்த்து, 10 செட் மாற்றினாலே பாதிக்கு மேற்பட்டவை தேறிவிடும். என்னிடமோ உங்கள் ஊரில் இந்த வேலை தெரிந்த வேறொருவரிடமோ கொண்டுபோகும்போது தயவுசெய்து பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். கம்பியின் உயரத்தை அந்த விரல் அழுத்துகிற அழுத்தத்துக்குத்தான் வைக்க வேண்டும். கிட்டாரை மட்டும் மேசையில் வைத்துவிட்டு "அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று போய்விட்டால், என்னால் என் விரலுக்குத்தான் வைக்க முடியும்.