மாட்டுக்குப் பல், மீனுக்கு வாய்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் நாகர்கோவிலில் ஒரு கலர் மீன் கடைக்குப் போனோம். புதிதாக வாங்கிய இரண்டடித் தொட்டி வீட்டில் வெறுந்தண்ணீரோடு காத்துக்கொண்டிருந்தது. மகள் விரல் நீட்டியதையெல்லாம் கடைக்காரர் வலை போட்டுப் பிடித்து, கவரில் காற்றடைத்துக் கட்டிக் கொடுத்தார். இரண்டு ஏஞ்சல், நான்கு டைகர் பார்ப், ஆறு கப்பி, ஒரு கோல்டு ஃபிஷ், அப்புறம் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னட்டும் என்று ஒரு சக்கர். "எல்லாம் ஒண்ணாத்தான் சார் கெடக்கும், ஒண்ணும் செய்யாது" என்றார்.

மறுநாள் காலையில் பார்த்தால் ஏஞ்சலின் நெஞ்சுக்குக் கீழே மீசை மாதிரித் தொங்கும் இரண்டு நீளத் துடுப்புகளும் பாதிதான் இருந்தன. வாரக் கடைசிக்குள் கப்பிகளின் விசிறி வால்கள் தேய்ந்த துடைப்பமாகிவிட்டன. பத்தாம் நாள் கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது, சாயங்காலம் போய்விட்டது. மகள் அழுதாள். நான் கடைக்காரரைத் திட்டினேன், மனதுக்குள்தான்.

யோசித்துப் பார்த்தால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் கடையில் எல்லாம் ஒன்றாகத்தான் கிடந்தன. கடைத் தொட்டியில் இருப்பவை எல்லாமே குஞ்சுகள், அதுவும் நெருக்கியடித்துக்கொண்டு. அந்த நெரிசலில் எந்த மீனாலும் "இது என் இடம்" என்று ஒரு மூலையைப் பிடித்து வைத்துக் காவல் காக்க முடியாது, ஒன்றை விரட்டினால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து நிற்கும். அதனால் சண்டை எடுபடாது. வீட்டுக்கு வந்து இடம் தாராளமாகி, கொஞ்சம் வளர்ந்து, வயிறும் நிறைந்தபிறகுதான் ஒவ்வொன்றும் தன் சுயரூபத்தைக் காட்டும். கடையில் சமாதானமாக இருந்தது என்பது வீட்டில் செல்லுபடியாகாத உத்தரவாதம்.

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். மீன் வாங்கப் போகிறவர் வாயைப் பார்க்க வேண்டும், கலரை அல்ல. நாம் தொட்டியில் வளர்க்கும் மீன்களில் அநேகம் இரையை மென்று தின்பதில்லை, அப்படியே விழுங்கும். ஆகவே வாய்க்குள் நுழைகிற அளவில் எது நீந்தினாலும் அது இரைதான், எத்தனை மாதம் கூடவே இருந்திருந்தாலும். அமேசான் ஆற்றுப் படுகையிலிருந்து வந்த ஏஞ்சல் கடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும், வளர்ந்தால் உடல் மட்டுமே 15 சென்டிமீட்டர் வரை போகும். அதே அமேசானைச் சேர்ந்த நியான் டெட்ரா 4 சென்டிமீட்டரைத் தாண்டாது. "ரெண்டும் ஒரே ஊர்க்காரங்க தானே" என்று சேர்த்து விட்டால், ஒரு நாள் விடியும்போது நியான்களில் இரண்டைக் காணாது. ஏஞ்சல் மட்டும் திருப்தியாக நிற்கும். வாங்கும் அன்றைய அளவு ஒரு கணக்கே இல்லை, முழு வளர்ச்சியில் வாய் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

வாய் இன்னொன்றும் சொல்லும். மேல்நோக்கித் திறக்கும் வாய் என்றால் அந்த மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் விழும் பூச்சியைத் தின்று வாழ்வது. எங்கள் மாவட்டத்து ஓடைகளில் முதுகு நேராக, உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் பொட்டோடு மேலேயே மிதந்து திரியும் ஒரு சிறு மீனைப் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் அதற்கு மானத்துக்கண்ணி என்று பெயர், வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற கண். வைத்தவர் நல்ல ரசிகர். கப்பியும் சீப்ரா டேனியோவும் அந்த மேல்மாடி வகை. வாய் நேர் முன்னால் இருந்தால் நடுமாடி: டெட்ரா, பார்ப், ஏஞ்சல். வாய் கீழே பார்த்திருந்து பக்கத்தில் மீசையும் இருந்தால் அது தரையைத் துழாவிப் பிழைப்பது: கோரிடோராஸ், நம்ம அயிரை. மாடிக்கு ஒரு குடும்பமாக வைத்தால் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கே வருவது குறையும். இரையும் அப்படியே பங்காகும், கொஞ்சம் மிதக்கும், கொஞ்சம் இறங்கும்போதே போகும், மிச்சம் அடியில் போய்ச் சேரும். ஆனால் அடியில் இருப்பவர் மிச்சத்திலேயே பிழைத்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது, மூழ்கும் தீவனம் தனியாகப் போட வேண்டும்.

சரி, என் வீட்டில் ஏஞ்சலின் மீசையைக் கடித்தது யார்? டைகர் பார்ப். அதன் வாய் சின்னது, ஏஞ்சலை விழுங்கவெல்லாம் முடியாது. வாய்க்கணக்கு மட்டும் போதாது என்று எனக்குப் புரிந்தது இந்த மீனால்தான். சுமத்ரா தீவு ஓடைகளைச் சேர்ந்த இது கூட்டமாக வாழ்வது. கூட்டத்துக்குள் யார் பெரியவர், யார் சின்னவர் என்பதை ஒருவரையொருவர் துரத்தியும் லேசாகக் கடித்தும்தான் தீர்மானித்துக்கொள்ளும், ஏறக்குறைய பள்ளி மைதானத்துப் பையன்கள் மாதிரி. எட்டு, பத்து என்று இருந்தால் அந்தத் துரத்தலெல்லாம் தங்களுக்குள்ளேயே செலவாகிவிடும். நான்கே நான்கு இருந்தால் அந்த வேகம் எங்கே போகும்? பக்கத்தில் மெதுவாக, நீளத் துடுப்பை அசைத்து அசைத்துப் போகிறவர்மேல் போகும். இங்கே தீர்வு மீனைக் குறைப்பது அல்ல, கூட்டுவது என்பதுதான் பலருக்கும் நம்பக் கஷ்டமான விஷயம். கூட்டினாலும் ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் போன்ற நீளத் துடுப்புக்காரர்களை இதோடு விடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

கடிபடாத மீனும் தப்பிப்பதில்லை. தேனீக்களின் நடனத்தைப் புரிந்துகொண்ட விஞ்ஞானி கார்ல் வான் ஃபிரிஷ், 1938-ல் மீன்களிலும் ஒன்றைக் கவனித்து எழுதினார். காயம்பட்ட ஒரு சிறு மீனைக் கூட்டத்துக்குள் விட்டபோது மற்றவை எல்லாம் மிரண்டு ஓடின. காயத்தில் கிழிந்த தோலிலிருந்து ஒரு வேதிப்பொருள் தண்ணீரில் கலக்கிறது, அதே இனத்தாருக்கு அது அபாய மணி. கெண்டை, பார்ப், டெட்ரா, கெளுத்தி வகைகளுக்கு இந்த மணி உண்டு. ஆற்றில் ஓடித் தப்பலாம். இரண்டடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கே ஓடுவது? நாள் முழுக்க அந்தப் பயத்தில் இருக்கும் மீன் சரியாகத் தின்னாது, நோய் எதிர்ப்பு குறையும், அப்புறம் உடம்பெல்லாம் ரவை தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி வரும். நாம் மருந்து வாங்க ஓடுவோம். நோய்க்குக் காரணம் பக்கத்தில் நீந்திக்கொண்டிருக்கும்.

இனி தண்ணீர். இதில் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இரண்டு விதத் தண்ணீரையும் பார்த்துவிடலாம். என் மாமியார் வீடு குலசேகரம் பக்கம், செம்மண்ணும் பாறையுமான ரப்பர் தோட்டத்து நிலம். அங்கே கிணற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரை போகவே போகாது, பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். அக்கா வீடு முட்டம் பக்கம், கடலோரம். அங்கே சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும், அண்டாவின் உள்ளே வெள்ளையாகப் படியும், பருப்பு வேகச் சோதிக்கும். கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருப்பதன் வேலை அது. இதைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்பார்கள். அதை அளக்கக் கடையில் டெஸ்ட் கிட் கிடைக்கிறது, ஆனால் சோப்பும் பருப்பும் சொல்வதே முதல் முடிவுக்குப் போதும்.

மீனுக்கு இது ஏன் முக்கியம்? நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு வெளியே தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மீன் நிறைய நிறைய மூத்திரம் பெய்து தண்ணீரை வெளியேற்றி, செவுளில் இருக்கும் தனி செல்களால் உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. நியான், கார்டினல் போன்ற டெட்ராக்கள் ஏறக்குறைய உப்பே அற்ற காட்டாற்றுத் தண்ணீரில் இந்த வேலையைச் செய்யப் பழகியவை. மோலி, கப்பி, பிளாட்டி வகைகள் கடினமான தண்ணீருக்குப் பழகியவை, மோலி உவர்நீரிலும் வாழும். மோலியை மாமியார் வீட்டுத் தண்ணீரில் விட்டேன், துடுப்பை மடக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடுங்கியது. அதன் உடன்பிறப்புகளே அக்கா வீட்டு சிமென்ட் தொட்டியில் யாரும் கவனிக்காமல் குட்டி போட்டுப் பெருகிக்கொண்டிருந்தன. ஆக, "கப்பியும் நியானும் சண்டை போடாது" என்பது உண்மைதான், இருந்தும் அவை நல்ல ஜோடி இல்லை. இருவரில் ஒருவர் எப்போதும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

சூடும் அப்படித்தான். கோல்டு ஃபிஷ் 18 முதல் 22 டிகிரியில் சுகப்படும் மீன், நம்ம ஊர்த் தொட்டித் தண்ணீர் ஏப்ரலில் 30-ஐத் தொடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். தண்ணீர் சூடானால் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும், தண்ணீரிலோ ஆக்சிஜன் குறையும். கரண்ட் போய் ஏர் பம்ப் நின்ற இரவில் கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைப் பிளக்கும். கௌராமியும் ஃபைட்டரும் அலட்டிக்கொள்ளாது, அவற்றுக்குத் தலைக்குள் காற்றிலிருந்தே மூச்செடுக்கும் தனி உறுப்பு இருக்கிறது. வெயில் ஊர்க்காரர்கள் நியானுக்குப் பதில் கார்டினல் பார்க்கலாம், அது கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும்.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு இன்னொரு குணம், அதற்கு இரைப்பையே கிடையாது. தின்பது நேரே குடலுக்குப் போய் வெளியே வரும், அதனால் தின்றுகொண்டே இருக்கும், கழிவும் அப்படியே. மீனின் கழிவில் முக்கியமானது செவுள் வழியாக வெளியேறும் அமோனியா. அதை நைட்ரோசோமோனாஸ் வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், நைட்ரோஸ்பைரா நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அவ்வளவு இல்லை. இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரே நாளில் பதினான்கு மீனைப் போட்டவன். தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் பிஎச் அளவு 7 என்றால் மொத்த அமோனியாவில் நூறில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, 8 ஆனால் ஆறேழு பங்கு இருக்கும். அதே மீன், அதே கழிவு, பிஎச் 8-ஐத் தொடும் கடலோரத் தண்ணீர் என்றால் பத்து மடங்கு ஆபத்து.

"இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குல மீன்" என்று ஒரு கணக்கு எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை, உயரத்திலும் தடிமனிலும் சேர்ந்தே வளரும். நீளம் ஐந்து மடங்கானால் எடை 5×5×5, அதாவது 125 மடங்கு. இரண்டு அங்குல சக்கர் பத்து அங்குலமாகும்போது கணக்குப்படி நான்கு புது மீன் வந்த மாதிரிதான், தண்ணீருக்கோ நூற்றுச் சொச்சம் மீன் வந்த மாதிரி. என் இரண்டடித் தொட்டியின் கொள்ளளவு 57 லிட்டர், மணலும் கல்லும் போக ஐம்பதுகூட இல்லை.

சக்கரை "டேங்க் கிளீனர்" என்று விற்பதில்தான் எனக்கு உண்மையில் கோபம். குட்டியாக இருக்கும்வரை பாசி தின்னும், வளர வளர ஆர்வம் போய்விடும், ராத்திரியில் ஏஞ்சல் மாதிரி மெதுவான மீனின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சப் பார்க்கும், 40 சென்டிமீட்டர் வரை போகும். அந்தக் கட்டத்தில் "குளத்துல விட்டுரு மக்கா" என்று ஒரு நண்பன் கட்டாயம் சொல்வான். விடாதீர்கள். தமிழகத்திலும் கேரளத்திலும் ஏற்கெனவே நிறைய நீர்நிலைகளில் இது பெருகிக் கரையைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. நமக்கோ 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறிய சுசீந்திரம் தேரூர்க் குளங்கள் கையெட்டும் தூரத்தில்.

இப்போது வீட்டில் மூன்றடித் தொட்டி. முதலில் ஃபில்டரை ஒரு மாதம் ஓடவிட்டு, அப்புறம் அடிமாடிக்கு ஆறு கோரிடோராஸ், இரண்டு வாரம் கழித்து நடுவுக்கு பன்னிரண்டு கார்டினல், கடைசியாக ஒரு ஜோடி பேர்ள் கௌராமி. இடம் பிடிக்கிற சுபாவமுள்ளதைக் கடைசியில் விட வேண்டும், முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன் பட்டா நிலம் என்று நினைத்துக்கொள்ளும். அப்படியும் தகராறு வந்தால் கல்லையும் செடியையும் இடம் மாற்றி வைப்பேன், எல்லை குழம்பி எல்லோரும் புதுக்குடித்தனக்காரர்களாகிவிடுவார்கள். டைகர் பார்ப்புக்கு பழைய இரண்டடித் தொட்டி, எட்டாகக் கூட்டியாகிவிட்டது, நாள் முழுக்க ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சந்தோஷமாக இருக்கின்றன. ஏஞ்சல்கள் மகளின் தோழி வீட்டில், மீசை திரும்ப வளர்ந்துவிட்டதாம். சக்கர் மட்டும் கிணற்றடி சிமென்ட் தொட்டியில் கிடக்கிறது, முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன நண்பன் போனையே எடுப்பதில்லை.