ஆதார் இல்லாவிட்டாலும் வக்கீல் உண்டு

"முதல்ல ஆதார் எடுத்துட்டு வாங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்." ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் படுத்துக் கிடக்கும் ஒரு பாட்டி இலவச சட்ட உதவி கேட்டபோது, இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இவர் முதல் ஆளாக இருந்தால் நான் எழுதவே போவதில்லை. தீர்த்தமாடக் கூட்டி வந்து, "இங்கேயே இரு, டிக்கெட் எடுத்துட்டு வரேன்" என்று போன பிள்ளைகளின் கதையை, கரையில் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இலவச சட்ட உதவிக்கு வீடு வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவைப் பாருங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், புயல் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் உண்டு. பெண் என்றால் பெண், அவ்வளவுதான், வருமானமே கேட்கக் கூடாது. மற்ற ஆண்களுக்குத்தான் வருமான வரம்பு, அதற்கும்கூட பிரமாணப் பத்திரத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது 13ஆவது பிரிவு. விஏஓவிடம் சான்று வாங்கி வா என்றால் எந்த ஊர் விஏஓவிடம் போவார் அந்த மனிதர்? படுத்திருக்கிற மணலுக்கா சான்று தருவார்கள்?

அப்புறம், இலவச வக்கீல் பெயருக்கு வந்து நிற்பார் என்று ஒரு பேச்சு. இப்படி வாதாடும் எங்களைப் போன்ற வக்கீல்களுக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழு பணம் தருகிறது (தாமதமாக, அது வேறு கதை). கட்சிக்காரரிடம் யாராவது காசு கேட்டால் ஆணைக்குழுவில் புகார் கொடுங்கள்.

அந்தப் பாட்டி, தன் வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தவர். "எழுதிக் கொடுத்தாச்சு, இனி என்ன" என்கிறார். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவில், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை பார்க்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டியிருக்கும், அதனால்தான் பத்திர எழுத்தர்களிடம் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன், 'அன்பின் பொருட்டு' என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள், பராமரிப்பு வரியையும் சேருங்கள். பெற்றவரைக் கைவிட்டுப் போவது 24ஆவது பிரிவில் குற்றம், 3 மாதம் வரை சிறை உண்டு. ஜீவனாம்ச மனுவை ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில், அவர் இப்போது இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சொந்த ஊருக்கு ஓட வேண்டாம்.

கரையில் கடை வைத்திருப்பவர்களே, இப்படிப்பட்டவர்களை வெற்றுத்தாளில் யார் கேட்டாலும் கைநாட்டு வைக்க விடாதீர்கள். கொடுத்த மனுவுக்கு நகல் வாங்கி, உங்கள் கடையிலேயே பத்திரமாக வையுங்கள், மணலில் படுப்பவரிடம் காகிதம் எத்தனை நாள் தங்கும்?

சட்ட உதவி எண் 15100க்கு ஒரு போன் போடுங்கள், காசு பிடிக்காது. இல்லையென்றால் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேராகக் கூட்டி வாருங்கள். இந்தியோ தெலுங்கோ பேசுபவர் என்று விட்டுவிட வேண்டாம், கோயில் வாசலில் நாலு பாஷை பேசும் ஆட்டோக்காரர் கட்டாயம் இருப்பார், அவரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.